காற்றைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்

ஆறு பேர் கொண்ட ஒரு கோவைக் குடும்பம் செஷல்ஸ் தீவுகளை ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்ற விரும்புகிறது. ஆகஸ்டில் விமான டிக்கெட் மலிவு. ஒன்பது தீவுகளின் பட்டியல் தயார். படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு ஏழு நாளில் அத்தனையும் பார்த்துவிட முடியுமா? உங்கள் கேள்வியை முதலில் இப்படித்தான் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் கடைசி வரி உறைத்தது: "எங்களில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது, மனைவிக்கு நீச்சலும் தெரியாது, அப்பாவுக்கு 67 வயது." உண்மையான கேள்வி அதுதான். கடலே பழகாத ஒரு குடும்பம் ஒரு வாரம் கடலில் குடியிருந்துவிட்டு, சண்டை போடாமல், அதை விடுமுறை என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்ப முடியுமா? முடியும். ஆனால் ஆகஸ்டில் வேண்டாம், நீங்களே ஓட்ட வேண்டாம், ஒன்பது தீவும் வேண்டாம்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், சரக்குக் கப்பலில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பிறகு செஷல்ஸின் பெரிய தீவான மாஹேயில் வாடகைப் பாய்மரப் படகுகளுக்குப் பத்து ஆண்டுகள் ஸ்கிப்பராக, அதாவது படகை ஓட்டும் தலைவனாக, இருந்தவன். என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணியின் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போனவர். எனக்குத் தெரிந்தது செஷல்ஸின் உள்தீவுகள், அதாவது மாஹே, பிராஸ்லின், லா டிக், அவற்றைச் சுற்றியுள்ள சிறு தீவுகள் மட்டுமே. இங்கே சொல்வதை அப்படியே தாய்லாந்துக்கோ மாலத்தீவுக்கோ எடுத்துப் போகாதீர்கள். அங்கே காற்றும் வேறு, கடலடியும் வேறு.

முதலில் காற்று. செஷல்ஸ் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. மாஹே ஏறக்குறைய நாலரை டிகிரி தெற்கு. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று, டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடமேற்குக் காற்று. இடையில் ஏப்ரலிலும் நவம்பரிலும் காற்று திசை மாறும் வேளை, கடல் அடங்கியிருக்கும். நம் ஊர் மீனவர் சோழகம் (தென்காற்று), வாடை (வடகாற்று) என்று ஆண்டைப் பிரித்து வைத்திருப்பது போல அங்கேயும் ஆண்டு இரண்டு பாதிதான். இதில் ஜூலையும் ஆகஸ்டும் தென்கிழக்குக் காற்றின் உச்சம். இருபது, இருபத்தைந்து நாட் வேகத்தில் (மணிக்கு நாற்பது கிலோமீட்டர் போல) நாள் முழுக்க விடாமல் அடிக்கும். மழை குறைவு, வெயில் இதம், காற்றோட்டமான வீட்டில் இருப்பது போல இருக்கும் என்று கரையில் இருப்பவர்கள் சொல்வது பொய்யில்லை. பாய் விரித்து ஓட்டப் பழகியவர்கள் அந்த மாதத்துக்காகவே காத்திருந்து வருகிறார்கள். அவர்களுக்கு அது திருவிழா, உங்கள் அம்மாவுக்கு அது தண்டனை.

காரணம் எளிது. மாஹேயிலிருந்து பிராஸ்லின் வடகிழக்கில், சுமார் 25 கடல் மைல் (ஏறக்குறைய 45 கிலோமீட்டர்) தொலைவில் இருக்கிறது. காற்றோ தென்கிழக்கிலிருந்து அல்லது வடமேற்கிலிருந்து வருகிறது. ஆக எந்தப் பருவத்தில் போனாலும் காற்றும் அலையும் படகின் விலாவில்தான் அடிக்கும். பாய்க்கு அதைவிட நல்ல காற்று இல்லை. வயிற்றுக்கு அதைவிடக் கெட்ட அலையும் இல்லை. மணிக்கு ஆறு கடல் மைல் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடுமுறையின் முதல் நாள் காலையிலேயே இந்தக் கடப்பு வந்துவிடும் என்பதுதான் இந்தப் பயணத்தின் கோளாறு. பிராஸ்லினை அடைந்த பிறகு தீவுக்குத் தீவு ஒரு மணி நேரம், முக்கால் மணி நேரம்தான். முதல் நாளைச் சமாளித்தவர்கள் மீதி வாரத்தைச் சமாளித்துவிடுவார்கள்.

ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்துவிடும் அல்லவா? அப்போது வாருங்கள். செஷல்ஸ் கடல் அடங்கியிருக்கும் வேளையும் நம் பள்ளி விடுமுறையும் ஒன்றாக அமைவது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.  இதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டைவிட ஏப்ரலில் கடல் தணிந்திருக்கும் என்பது உறுதி. எந்த வாரத்தில் காற்று மாறும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில ஆண்டு மே பிறந்தும் கண்ணாடி போலக் கிடக்கும், சில ஆண்டு ஏப்ரல் இருபதுக்கே தென்கிழக்கு தலைகாட்டிவிடும். கடல் அடங்குவதற்கு விலையும் உண்டு. காற்றில்லாத நாளில் பாய் தொங்கும், எஞ்சினைப் போட்டுத்தான் போக வேண்டும். புழுக்கம் அதிகம், படகறைக்குள் தூங்குவது கஷ்டம். "பாய்மரப் படகுக்குக் காசு கொடுத்துவிட்டு டீசல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டோமே" என்று மகன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.

புயல் பற்றி உங்கள் தந்தை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உள்தீவுகள் புயல் பாதைக்கு வடக்கே இருப்பவை. 2016 ஏப்ரலில் ஃபான்டாலா புயல் ஃபார்குவார் பவளத்தீவைச் சின்னாபின்னமாக்கியது. ஆனால் அந்தத் தீவு மாஹேயிலிருந்து தென்மேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கடற்கொள்ளையர் பயமும் அப்படித்தான். 2009 அக்டோபரில் மாஹேயிலிருந்து தான்சானியா நோக்கிப் புறப்பட்ட ஒரு பிரிட்டிஷ் தம்பதியைச் சோமாலியக் கொள்ளையர் படகோடு பிடித்து ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள், உண்மை. அது நடுக்கடலில் நடந்தது. நீங்கள் போகப்போவது ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு தெரிகிற கடல். இரண்டு பயத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டியவை வேறு, அவை கொஞ்சம் அற்பமாகத் தோன்றும், கீழே சொல்கிறேன்.

பட்டியல் என்றதும் உங்கள் ஒன்பது தீவு நினைவுக்கு வருகிறது. ஒன்பதாவதாக அல்டாப்ரா என்று எழுதியிருக்கிறீர்கள். அல்டாப்ரா மாஹேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். சென்னையிலிருந்து மும்பை போவது போல. அதை அடியுங்கள். பறவைத் தீவு வடக்கே நூறு கிலோமீட்டர், அதையும் அடியுங்கள். ஆரீட் தீவில் கரையிறங்குவது அலையைப் பொறுத்தது. வயதானவர்களோடு அந்த அலையில் ரப்பர்ப் படகிலிருந்து குதிக்க வேண்டாம், அதுவும் போகட்டும். மீதியுள்ள ஆறில் பிராஸ்லின், லா டிக், க்யூரியஸ், கஸின் நான்கு போதும். செயின்ட் பியர் என்று நீங்கள் எழுதியிருப்பது தீவே இல்லை, நாலு பாறையும் சில தென்னையும்தான். க்யூரியஸுக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் நின்று மீன் பார்க்கலாம். மொயென் மாஹே துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, திரும்பி வருகிற நாளில் மதியச் சோற்றுக்கு நிறுத்தலாம். ஒரு ஆங்கிலேயர் 1962-ல் எட்டாயிரம் பவுண்டுக்கு அந்தத் தீவை வாங்கி, ஆயிரக்கணக்கில் மரம் நட்டு, ராட்சத ஆமைகளை வளர்த்து, விற்கச் சொல்லி வந்தவர்களைத் திருப்பியனுப்பி, கடைசியில் அது தேசியப் பூங்காவாகும்படி செய்துவிட்டுப் போனார். உங்கள் அப்பாவுக்கு அந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஏழு இரவும் படகில் தங்காதீர்கள் என்பது என் அடுத்த யோசனை. மாஹேயிலிருந்து பிராஸ்லினுக்குப் பயணிகள் ஃபெர்ரி ஒரு மணி நேரத்தில் போய்விடும். பெற்றோரை அதில் அனுப்பிவிட்டு நீங்களும் பிள்ளைகளும் படகில் கடக்கலாம். இதை வெட்கப்படும் காரியமாக நினைக்காதீர்கள். நான் ஓட்டிய படகுகளில் எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. பிராஸ்லினில் ஃபெர்ரி வந்து நிற்கும் சேன்ட் ஆன் விரிகுடாவின் படகுத்துறையில் பாட்டி கைப்பையோடு நிழலில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்த காட்சி நினைவிருக்கிறது. வாந்தியெடுத்துக் களைத்து இறங்கிய பேரனை அவர்தான் தேற்றினார். நாலு இரவு படகில், மூன்று இரவு லா டிக்கிலோ பிராஸ்லினிலோ ஒரு விடுதியில். ஆறு பேருக்கு இது சரியான பங்கு. வாடகைப் படகுகளைப் பெரும்பாலும் முழு வாரக் கணக்கில்தான் தருவார்கள். நாலு நாளுக்குத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சீசன் இல்லாத வேளையில் இறங்கிவருவார்கள்.

படகு என்றால் கேட்டமரான் எடுங்கள். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் போய், உருமாறி, இரண்டு ஓடு (தண்ணீரில் மிதக்கும் அடிப்பகுதி) கொண்ட வெள்ளைப் படகாகத் திரும்பி வந்திருக்கிறது. பெயர் நம்முடையது, அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. கட்டுமரத்தில் இரண்டு ஓடு ஏது? சேர்த்துக் கட்டிய மரம், அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. காரியத்துக்கு வருவோம். நாற்பத்திரண்டு அடிக் கேட்டமரான் ஏழு மீட்டர் அளவுக்கு அகலம் இருக்கும். ஒற்றை ஓட்டுப் படகைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடாது, டம்ளர் மேசையில் நிற்கும். நாலு அறை, நடுவில் சமையலறையோடு கூடம், முன்பக்கம் வலை கட்டிய இடம். பிள்ளைகள் அந்த வலையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டமரான் ஆடவே ஆடாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சாயாது, அது உண்மை. விலாவில் அலை அடிக்கும்போது வெடுக்வெடுக்கென்று உதறும். சிலருக்குச் சாய்வைவிட அந்த உதறல்தான் ஒத்துக்கொள்ளாது.

நீங்களே ஓட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாய்மரப் படகு ஓட்டிய அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், பல நிறுவனங்கள் சான்றிதழும் கேட்கும். உங்களிடம் இரண்டும் இல்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாய் ஏற்றுவதை ஒருவேளை கற்றுக்கொள்ளலாம். இரவில் நங்கூரம் இழுபடுவதை எப்படிக் கற்றுக்கொள்வீர்கள்? ஒரு நவம்பரில் பிராஸ்லினின் வடமேற்கு மூலையில், ஆன்ஸ் லாசியோ கடற்கரைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சியிருந்தேன். தென்கிழக்குக் காற்றுக்கு அது அருமையான மறைவு. ஆறு மீட்டர் ஆழம், முப்பது மீட்டர் சங்கிலி விட்டு, கண்ணாடி மாட்டி முங்கிப் போய் நங்கூரம் மணலில் புதைந்திருப்பதையும் பார்த்துவிட்டேன். மாலையில் வடமேற்கே மேகம் கட்டியது. பார்த்தேன், சோம்பலில் இருந்துவிட்டேன். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு சத்தம் எழுப்பியது. அம்மியில் கல்லுப்பு அரைப்பது போல, விட்டு விட்டு. சங்கிலி பாறையில் உரசுகிறது. வெளியே வந்தால் காற்று முழுக்கத் திரும்பி, சாயங்காலம் பின்னால் இருந்த கடல் முன்னால் இருக்கிறது, முன்னால் இருந்த கருங்கல் பாறை பின்னால் ஐம்பது மீட்டரில் இருக்கிறது. எஞ்சினைப் போட்டு, சங்கிலியை ஏற்றி, வெளியே பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அறுபது மீட்டர் சங்கிலி விட்டு மறுபடி பாய்ச்சினேன். விடியும்வரை கடுங்காபியோடு உட்கார்ந்திருந்தேன். விருந்தினரில் ஒருவர்கூட எழவில்லை. காலையில் அந்த வீட்டுப் பையன் மட்டும், "நேற்று நாம் வேறு இடத்தில் இருந்தோமே" என்றான்.

தவறு என்னுடையது, திருத்தவும் எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் ஸ்கிப்பருக்குத் தரும் சம்பளம் இதற்குத்தான். அவருக்கு ஒரு படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. வழி முடிவெடுப்பது அவர் பொறுப்பு. "இன்று லா டிக் வேண்டாம்" என்று அவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், விளக்குவார். வாதாடாதீர்கள். லா டிக் துறை ஒரு குடும்பத்தின் கிணற்றடி அளவுதான். உள்ளே போய்ப் பின்பக்கம் கயிறு கட்டி நிற்க வேண்டும், இடமில்லாத நாளும் உண்டு. இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் விதி. அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆகவே நாலு மணிக்கு நங்கூரம் பாய்ச்சியிருக்க வேண்டும். பாறையையும் பவளத்திட்டையும் கண்ணால் பார்க்க, வெயில் உயரத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கடல் மயக்கம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. பதினான்கு ஆண்டு கப்பலில் இருந்த எனக்கே சின்னப் படகில் முதல் வாரம் வந்தது. கார் பயணத்தில் குமட்டுபவர்களுக்குக் கடலில் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன். மாத்திரை போடுவதானால் புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் மருத்துவன் அல்ல, அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்து எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெறும் வயிறு கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இட்லி, ரொட்டி, வாழைப்பழம். அறைக்குள் படுக்காமல் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை, போனை வாங்கி வைத்துவிடுங்கள்.

நீச்சல் தெரியாதவர் படகில் வரலாமா? தாராளமாக வரலாம். பாய்மரப் படகில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு நீச்சல் என்றால் ஓட்டல் குளத்தில் நாலு கை போடுவதுதான். படகு ஓடும்போதும், கரைக்குப் போகிற ரப்பர்ப் படகில் ஏறும்போதும் உயிர்காப்பு அங்கி போட்டே ஆக வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் யாரிடமும் சிரித்துப் பேசியதில்லை. பத்து ஆண்டில் என் படகிலிருந்து யாரும் கடலில் விழுந்ததில்லை. நான் கட்டுப் போட்டதெல்லாம் வேறு. ஈரத் தளத்தில் வழுக்கிப் பெயர்ந்த நகம், நங்கூரச் சங்கிலி ஏறும்போது உதவுகிறேன் என்று நீட்டிய விரல், மூங்கில் தட்டியைப் போலத் தோலுரிந்த முதுகு. வெயிலை நாம் பழகியவர்கள் என்ற எண்ணத்தில் தமிழர்கள் வெறும் முதுகோடு மிதந்து மீன் பார்க்கிறார்கள். தண்ணீர்மேல் அடிக்கும் வெயில் வேறு. முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். உண்மையான ஆபத்து ஒன்று கரையில்தான் இருக்கிறது. லா டிக்கின் தென்கிழக்குப் பக்கத்தில் கிராண்ட் ஆன்ஸ், பெட்டிட் ஆன்ஸ் என்று படம்போல அழகான இரண்டு கடற்கரைகள். தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே கடல் உள்ளிழுக்கும். எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். நன்றாக நீந்துபவர்களையே இழுத்திருக்கிறது. காலை நனைத்துக்கொண்டு திரும்புங்கள்.

கடலுக்கடியில் என்ன பார்க்கலாம் என்பதில் உங்களுக்கு ஏமாற்றம் வரக் கூடாது. 1998-ல் கடல் சூடேறி உள்தீவுகளின் பவளத்தில் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. தேறிவருகிற நேரத்தில் 2016-ல் மறுபடியும் அடி. விளம்பரப் படத்தில் காணும் வண்ணப் பவளத் தோட்டத்தை எதிர்பார்த்தால் சாம்பல் நிறச் சிதிலத்தைத்தான் பல இடங்களில் பார்ப்பீர்கள். ஆனால் கருங்கல் பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடமெல்லாம் மீன் கூட்டம் இருக்கிறது, ஆமையும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது போதும். பெரியவர்களுக்கு நான் கடலைவிடக் கரையைத்தான் சிபாரிசு செய்வேன். பிராஸ்லினில் மே பள்ளத்தாக்கு, பிரெஞ்சில் வாலே டி மே, 1983-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. சித்த மருந்துக் கடையில் கடல் தேங்காய் என்று துண்டு துண்டாக விற்கிறார்களே, அந்த இரட்டைத் தேங்காய் மரத்தில் தொங்குவதை அங்கே நிமிர்ந்து பார்க்கலாம். உலகத்திலேயே பெரிய விதை. அனுமதிச் சான்று இல்லாமல் ஊருக்கு எடுத்து வர முடியாது. கஸின் தீவுக்குக் காலையில் போக வேண்டும். நம் ரப்பர்ப் படகில் கரையேற விடமாட்டார்கள், தீவுக் காவலர்களின் படகு வந்து ஏற்றிப் போகும். எலி ஒன்று தொற்றிப் போனாலும் தரையில் கூடு கட்டும் பறவைகள் தப்பாது என்பதுதான் காரணம். கொசு மட்டும் அனுமதி கேட்காமல் வந்துவிடும், முழுக்கால் சட்டை போடுங்கள்.

படகு வாழ்க்கையில் நம்மவர்கள் தடுமாறுவது கடலால் அல்ல, தண்ணீரால். தொட்டியில் சில நூறு லிட்டர்தான் இருக்கும். வாளியில் மொண்டு ஊற்றிப் பழகிய ஆறு பேர் இரண்டே நாளில் காலி செய்துவிடுவோம். கடலில் குளித்து, கடைசியில் நன்னீர் ஒரு நிமிடம், அவ்வளவுதான். கழிவறையில் உடலிலிருந்து வந்ததைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் அதைப் பிரிக்கிற வேலை யாருடையது என்று முதல் நாளே ஸ்கிப்பர் சிரித்துக்கொண்டு சொல்வார், சிரிப்பை நம்ப வேண்டாம். மிக்ஸி ஓடாது, ப்ரெஷர் குக்கர் இருக்காது. சின்னக் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பொடி வகைகளை ஊரிலேயே அரைத்து எடுத்து வாருங்கள். பச்சைக் காய்கறி, பழம், விதை, இலை கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். தேவையும் இல்லை. 1770-ல் மாஹேக்கு எதிரே உள்ள செயின்ட் ஆன் தீவில் முதன்முதலாகக் குடியேறிய இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் தென்னிந்தியர்கள். பின்னால் தமிழ் வணிகர்கள் நிறையப் பேர் போனார்கள். மாஹேயின் விக்டோரியா நகரில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, தமிழர் மளிகைக் கடைகள் இருக்கின்றன. சந்தையில் "கரிப்பிலே" என்று கேளுங்கள், உள்ளூர்க் கிரியோல் மொழி பேசும் பெண் கறிவேப்பிலையை எடுத்து நீட்டுவாள். அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றையும் மாஹேயிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். மற்ற தீவுகளில் கடையும் சிறிது, விலையும் கூடுதல்.

செலவைத் தொகையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்ல மாட்டேன், மாதத்துக்கு மாதம், படகுக்குப் படகு மாறும் தொகையை எழுதி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. எதற்கெல்லாம் கேட்பார்கள் என்பதைச் சொல்லலாம். படகு வாடகை, ஸ்கிப்பர் நாள் சம்பளம், டீசல், படுக்கை விரிப்பும் துப்புரவும், கடல் பூங்காக்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், பிறகு திருப்பித் தரும் முன்பணம். இந்த முன்பணம் சில ஆயிரம் யூரோவாக இருக்கும், கார்டில் பிடித்து வைப்பார்கள். விளம்பரத்தில் இருப்பது முதல் தொகை மட்டுமே. படகை ஏற்றுக்கொள்ளும்போது ஏற்கெனவே உள்ள கீறல்களையெல்லாம் போனில் படமெடுத்து, அவர்கள் எதிரிலேயே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். விசா முன்கூட்டி எடுக்கத் தேவையில்லை, ஆனால் பயண அனுமதியை இணையத்தில் பணம் கட்டி வாங்க வேண்டும். அதில் தங்குமிடம் கேட்பார்கள், படகின் பெயரையும் நிறுவனத்தின் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள்.

உங்கள் அப்பா ராத்திரி வானத்தைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தீர்கள். முன்பக்க வலையில் ஒரு தலையணை போட்டுக் கொடுங்கள், ஏப்ரலில் எட்டு மணிக்கு மேல் தெற்கே தென்சிலுவை நன்றாகத் தெரியும். துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் அது தொடுவானத்துக்குக் கீழே.